மேல்மாடத்து வெள்ளாடு

மார்ச் 4

அன்புள்ள டார்ச் அக்காவுக்கு,

முட்டுச்சந்து எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமா? உன் நாத்தனாரும் நலமாகத்தான் இருப்பாள். போன கடிதம் முழுக்க அவள் புராணம்தானே, நான் தனியாக விசாரிக்க என்ன இருக்கிறது?

நீ காப்பி போட்டு அனுப்பிய கேம் சிடி வந்துவிட்டது. உறை ஓரத்தில் கிழிந்திருந்தாலும் உள்ளே ஒன்றும் ஆகவில்லை. 'உப்பு அரண்மனை' என்று நீ மேலே பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அப்பா, "இதுக்கா அவ்ளோ தூரத்துலேருந்து தபால் செலவு?" என்றார். ஆனால் தினமும் வாசலில் நின்று தபால்காரரை எதிர்பார்ப்பது அவர்தான். கேட்டால் காற்று வாங்குகிறாராம். அம்மா முழங்கால் வலியைப் பற்றிப் புலம்புவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கேமில் சமையலறையிலேயே மாட்டிக்கொண்டேன். நீ போட்ட சட்டப்படி, மாட்டிய கதையைக் கையாலேயே எழுதுகிறேன். மெயிலில் கேட்டால் உடனே பதில் வந்துவிடும், கடிதம் போய்த் திரும்பும்வரை நான் முட்டி மோதுவதுதான் நம் ஹின்ட் ஃபைலுக்கு மூலதனம் என்பாய். முட்டி நிற்கும் நான் முட்டுச்சந்து, வழி காட்டும் நீ டார்ச், பட்டப்பெயர் சும்மாவா வைத்துக்கொண்டோம்? சரி, முட்டி மோதியதைக் கேள். ராணியின் சாவி சமையல்காரன் இடுப்பில் தொங்குகிறது. அவன் அடுப்பை விட்டு நகர மாட்டேன் என்கிறான். கண்ணாடியைக் கொடுத்தேன், முகம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கிளியைக் கொடுத்தேன், பொரிக்கவா என்று கேட்டான், பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அடுப்பில் தண்ணீரை ஊற்றினேன், உப்புத் தரை கரைந்து நானே கீழே விழுந்து செத்தேன். செருப்பு, விசிறி, தளபதியின் ஒட்டு மீசை, எதற்கும் மனிதன் அசையவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொள்ள ஒரு பட்டன் இருந்தால் அதையும் அழுத்தியிருப்பேன்.

கடையில் முதலாளி, "எப்பப் பாரு ஹின்ட் ஃபைல், ஹின்ட் ஃபைல்ங்கிறியே, அது என்னதான்?" என்று கேட்டார். கேமில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுவது, கேள்வியை அழுத்தினால் முதலில் லேசாகக் கோடி காட்டும், போதாவிட்டால் அடுத்தது இன்னும் கொஞ்சம் சொல்லும், கடைசியில்தான் முழு விடை என்று விளக்கினேன். "நேரா விடையச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார். "கண்ணு மங்கலா தெரியுதுன்னு வர்றவங்களுக்கு எடுத்த எடுப்புல பெரிய பவரைப் போடுவோமா?" என்றேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதில் இந்த ஒரு லாபம் இருக்கிறது.

இன்னொரு கூத்தும் நடந்தது. வேன் டிரைவர் ஒருவர் லைசென்ஸுக்காகக் கண் பரிசோதிக்க வந்தார். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தார். எனக்கு ஏதோ உறுத்தியது. பலகையைத் திருப்பி மறுபக்கத்தை மாட்டினேன். மனிதர் அதே எழுத்துகளை அதே வரிசையில் மறுபடி ஒப்பித்தார்! "அண்ணே, நீங்க சொல்ற எழுத்து இந்தப் பக்கத்துல இல்லவே இல்லையே" என்றேன். முகம் தொங்கிப்போய்விட்டது. பாவம், கடைசியில் சோடாபுட்டி கண்ணாடியோடு போனார்.

நெட் சென்டரில் நம் போன ஃபைலுக்கு வந்த மெயில்களைப் பார்த்தேன். நான் போட்ட பொய்க் கேள்வியை, அதுதான் அந்த 'யானையை மாடிப்படியில் ஏற்றுவது எப்படி?'யை, ஒருவர் நிஜம் என்று நம்பி யானையைத் தேடு தேடென்று தேடினாராம்! கேள்விப் பட்டியலைப் பார்த்தே கதையை ஊகித்துவிடக் கூடாது என்றுதானே நாலு பொய்யைக் கலக்கிறோம், குறிப்பைத் திறந்திருந்தால் யானை இல்லை என்று தெரிந்திருக்குமே? பொய்க் கேள்வி போடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை, ஒப்புக்கொள்.

அடுத்த கடிதமாவது ஒரு பக்கத்துக்கு மேல் இருக்கட்டும்.

உன்
முட்டுச்சந்து


மார்ச் 17

என் அருமை முட்டுச்சந்துக்கு,

சமையல்காரனுக்கு ஒட்டு மீசையைக் கொடுத்தாயா! அத்தானுக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். உன்னைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் அது தோன்றாது. மீசை கொடுத்தவர்களுக்கென்றே ஃபைலில் ஒரு வரி எழுதப்போகிறேன்.

இப்போது உனக்குரிய குறிப்பு. ஒன்று: சமையல்காரன் யார் கூப்பிட்டால் ஓடுவான்? இரண்டு: ராணியின் படுக்கையறையில் ஒரு கயிறு தொங்குகிறதே, அது அழகுக்கா? மூன்று: மேலே போய்க் கயிற்றை இழு, கீழே மணி அடிக்கும், பதறி ஓடுகிறவன் இடுப்பிலிருந்து சாவி விழும். ஒன்றைப் படித்துவிட்டு நிறுத்து என்றால் நீ கேட்கவா போகிறாய்? மூன்றையும் ஒரே மூச்சில் படித்திருப்பாய், தெரியும்.

என் வேலை எப்போதும்போல. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து பட்டனை அழுத்தினால் போன் என் மேஜைக்குத்தான் வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நேற்று ஒருவர் மீன் தொட்டியோடு மாட்டிக்கொண்டார். "மீனுக்கு மூச்சு முட்டுமா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் இன்னும் இவ்வளவு நேரமாகும் என்று சொல்லவே கூடாது, முதலில் தரையில் உட்காரச் சொல்ல வேண்டும். ஹின்ட் எழுதிப் பழகியதால்தான் எனக்கு இந்த வேலை கைவந்தது என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். நாத்தனார் சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று அவளையும் 'உப்பு அரண்மனை' முன்னால் உட்கார வைத்தேன். கிணற்றுக்குள் இறங்கினால் நாம் சொல்வதே திரும்பக் கேட்கும், இல்லையா? இவள் அங்கே யாரோ ஒளிந்திருக்கிறார் என்று நினைத்து, எதிரொலியிடமே வழி கேட்டுக்கொண்டிருந்தாள். "ரொம்ப மரியாதையான ஆளு அண்ணி, நான் கேட்டதையே திருப்பிக் கேக்குறாரு" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே புண்ணாகிவிட்டது. அவள் மாட்டிக்கொள்ளும் அழகே தனி. அதையும் நம் ஃபைலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?

அம்மாவின் முழங்காலை டாக்டரிடம் காட்டு. அப்பாவிடம், தபால் செலவு அத்தான் கணக்கு என்று சொல்.

அன்புடன்
டார்ச்


மார்ச் 30

டார்ச் அக்காவுக்கு,

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

எதிரொலியோடு பேசுகிறவள் மாட்டிக்கொள்ளவில்லை அக்கா, வேடிக்கை காட்டுகிறாள். மாட்டிக்கொள்வதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும். கதவு திறக்காதபோது நெஞ்சு கனக்க வேண்டும். சோறு இறங்கக் கூடாது. கடையில் ஆள் வந்து நின்றாலும் அந்தக் கதவே கண்முன் நிற்க வேண்டும். நான் போன வாரம் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது கண்ணில் மாட்டிவிட்டேன், தெரியுமா? உன் நாத்தனார் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். அவள் கண்ணைக் கசக்கினால் நீ ஓடிப்போய் வழி சொல்வாய். அது மாட்டிக்கொள்வதா? செல்லம் கொஞ்சுவது.

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை, வயிற்றெரிச்சல்தான்.

நம் வீட்டில் ஒரே நாற்காலி இருந்த காலத்தில் மவுஸ் உன் கையில், நான் கவிழ்த்த வாளிமேல். அன்றைக்கே "நீ எங்க நிக்கிறியோ அங்கதான்டி எல்லாரும் நிப்பாங்க" என்று சொன்னவள் நீ. நான் எங்கே முட்டுகிறேனோ அங்கே ஊரே முட்டும், அதனால்தான் நம் ஃபைல் மற்றவர்கள் ஃபைலைவிட நன்றாக இருக்கிறது என்றாய். அந்த ஒரு சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் இறுமாந்து திரிகிறேன். படிப்பில் நீ, கல்யாணத்தில் நீ, வெளிநாட்டில் நீ. முட்டாளாக நிற்பதில் மட்டும் நான் முதல். அதையுமா எடுத்து நாத்தனார் கையில் கொடுப்பாய்?

அத்தான் என் மீசைக்குச் சிரித்தார் என்று எழுதினாய். அவளுடைய கிணற்றுக்கு நீ சிரித்தாய் என்றும் எழுதினாய். இரண்டும் ஒன்றில்லை. கவனித்தேன்.

ஃபைலின் கடைசி வரியில் 'எழுதியவர்கள்: டார்ச், முட்டுச்சந்து' என்றுதான் போடுவாய், இல்லையா? இதற்கு மட்டும் கோடி காட்டாமல் நேராக விடை சொல்.

அம்மாவுக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள். மறுபடி புலம்ப ஆரம்பித்துவிட்டாள், வீடு பழையபடி ஆகிவிட்டது.

உன் (உன்னுடையதுதானே?)
முட்டுச்சந்து


ஏப்ரல் 12

என் முட்டுச்சந்துக்கு,

காதில் புகை வருவது கடிதத்தின் மேலேயே தெரிந்தது. அத்தான் உறையைத் தொட்டுவிட்டு, "சுடுது" என்றார்.

நேராகவே சொல்கிறேன். நாத்தனார் இங்கே வந்த நாளிலிருந்து அறையை விட்டுத் தானாக வெளியே வந்ததில்லை. அவள் வேலை பார்த்த பார்சல் ஆபீஸை மூடிவிட்டார்கள். அந்த ஆபீஸில் இருந்த ஒருவனைத்தான் கட்டிக்கொள்வதாக இருந்தாள், அவனும் வேறு ஊருக்குப் போய்விட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். கிணற்றில் எதிரொலியோடு பேசினாளே, அன்றைக்குத்தான் அவள் குரலை நான் முழுசாகக் கேட்டேன். இப்போது தானாகவே ஒரு பட்டப்பெயரும் வைத்துக்கொண்டாள்: யூ-டர்ன். "முட்டுச்சந்து இருக்காங்கன்னா, பக்கத்துல திரும்பிப் போக ஒரு யூ-டர்ன் வேணும்ல அண்ணி?" என்றாள். உன்மேல் அவளுக்கு எவ்வளவு மதிப்பு என்று உனக்குத் தெரியாது. உன் மீசைக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறாள்.

எழுதியவர்கள் வரியில் மூன்று பெயர் இருந்தால் என்ன குறைந்துவிடும்? உன் பெயரை யாரும் அழிக்கப்போவதில்லையடி பைத்தியமே.

ஃபைலை ஜூன் மாதத்தில் போட்டுவிட வேண்டும். இந்த கேமுக்கு ஏற்கெனவே யாரோ ஒருவர் ஃபைல் போட்டுவிட்டதாகக் கேள்வி. நான் திறந்து பார்க்கவில்லை, நம்முடையது முடியும்வரை அடுத்தவர் ஃபைலைத் தொடுவதில்லை என்பது நம் வழக்கமாயிற்றே. சமையலறைக்கு அப்புறம் நீ எங்கே மாட்டினாய் என்று ஒன்றுமே எழுதவில்லையே? யூ-டர்ன் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறாள். இப்படியே போனால் ஃபைலில் பாதி அவளுடையதாகத்தான் இருக்கும். சீக்கிரம் எழுது.

அன்புடன்
டார்ச்


ஏப்ரல் 25

அன்புள்ள டார்ச் அக்காவுக்கு,

பாதி அவளுடையதா? இந்தா, பிடி.

நீ எழுதச் சொன்னதும் இரண்டே நாளில், நான் மாட்டிய இடங்களையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். உப்புப் படகு கரையாமல் ஆற்றைக் கடப்பது, காவல்காரனின் குறட்டையை நிறுத்துவது, ராணியின் ஓவியத்தில் கண்ணைத் திறக்க வைப்பது, கைப்பிடி இல்லாத கதவு, தராசுத் தட்டில் நிழலை நிறுப்பது, எல்லாம் தனித் தாளில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் எப்படித் திண்டாடினேன் என்றும் எழுதியிருக்கிறேன். இதில் ஒன்றாவது உன் யூ-டர்னுக்குத் தோன்றியிருக்குமா?

எல்லாவற்றையும்விட என்னைப் பாடாய்ப் படுத்தியது மேல்மாடத்து வெள்ளாடுதான். அதை எப்படிக் கீழே இறக்குவது? உப்புச் சுவரை நக்கிக்கொண்டே நிற்கிறது, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறது. புல்லைக் காட்டினேன், மணியை ஆட்டினேன், கிளியை விட்டு அதட்டினேன். தளபதியின் மீசையை அதற்கும் ஒட்டிப் பார்த்தேன். ஆடு அத்தனை கம்பீரமாக இருந்தது, இறக்கவே மனம் வரவில்லை. அத்தானிடம் இதைப் படித்துக் காட்டு. இல்லை, வேண்டாம், நீயே படி. நீயே சிரி.

அவளுக்கு நேர்ந்ததைப் படித்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது, நான் கல் இல்லை. ஆனால் வேலை போனவளுக்கு வேலை தேடிக் கொடு, கல்யாணம் நின்றவளுக்கு வேறு வரன் பார். என் அக்காவை எதற்குக் கொடுக்கிறாய்? என்மேல் மதிப்பாம். மதிப்பு வைத்திருப்பவர்கள் அடுத்தவர் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். எனக்கு அவளுடைய மதிப்பு வேண்டாம்.

எழுதியவர்கள் வரியில் இடம் போதவில்லை என்றால், கடைசியாக ஏறியவர் முதலில் இறங்கட்டும்.

அப்பா காற்று வாங்கியது போதாமல் இப்போது தபால் ஆபீஸ்வரை நடை பழகுகிறார்.

உன்
முட்டுச்சந்து


மே 15

முட்டுச்சந்துக்கு,

அவசரமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் தாள்கள் வந்தன. படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ இவ்வளவு எழுதிய பிறகு, யூ-டர்ன் எழுதியவற்றில் பெரும்பாலானதை எடுத்துவிட்டு உன்னுடையதைப் போட்டேன். இந்த ஃபைல் உனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் வெள்ளாடு எங்கே?

மேல்மாடத்தில் எனக்கு ஆடு வரவில்லை. ஏதோ செய்யாமல் விட்டிருக்கிறேன், அதனால்தான் ஆடு வரவில்லை என்று நினைத்தேன். கேமை முதலிலிருந்து ஆடினேன். கிளியைக் கொன்று ஒருமுறை, கொல்லாமல் ஒருமுறை. கிணற்றில் இறங்கியும் இறங்காமலும். மேல்மாடத்தின் ஒவ்வொரு தூணிலும், ஒவ்வொரு ஓட்டிலும் மவுஸை வைத்து அழுத்திவிட்டேன், விரல் வலிக்கிறது. ஆபீஸில் லீவு போட்டேன். அத்தான் தோசைக்கல்லில் அவரே முட்டை போட்டுத் தின்றுவிட்டுப் போகிறார். நாமே இவ்வளவு நாள் கவனிக்காத ஒரு பகுதி அந்த கேமில் இருக்கிறது, அதை நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

நாத்தனார் இரண்டாம் நாளே, "ஆடே கிடையாது அண்ணி. உங்க தங்கச்சி வேற எங்கேயோ பாத்து எழுதியிருக்காங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. "என் தங்கச்சி கேமுல தோத்தாலும் தோப்பாளே தவிர பொய் சொல்ல மாட்டா. உன்னோடதை எடுத்துட்டேன்னு உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டேன். அவள் மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அத்தான் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதனால் சீக்கிரம் எழுது. ஆடு எந்த வாசல் வழியாகப் போனால் வருகிறது? அதற்கு முன்னால் என்ன செய்தாய்? இது ஒன்றுக்கு மட்டும் உன் மூளையிலிருந்து எனக்குக் குறிப்பு வேண்டும், முதல்முறையாக நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


மே 28

அன்புள்ள டார்ச் அக்காவுக்கு,

அவள் உண்மையிலேயே போய்விட்டாளா? பெட்டியோடா?

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். எனக்காக அவளிடம் சண்டை போட்டாய் என்ற இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். முதலாளி, "என்ன, லாட்டரியா?" என்றார். "அதுக்கும் மேல" என்றேன்.

ஆட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். என் சிடியில் இருக்கிறது. உன்னுடையதில் இல்லையோ என்னவோ. சிலதில் இருக்கும், சிலதில் இருக்காது என்று நெட் சென்டர்காரர்கூடச் சொன்னார். எதைச் செய்து வரவழைத்தேன் என்பது இப்போது நினைவில்லை, நம் கம்ப்யூட்டரும் இரண்டு நாளாக மக்கர் பண்ணுகிறது, திறந்து பார்க்க முடியவில்லை. ஆட்டுக் கேள்வியை எடுத்துவிடேன், எதற்கு வம்பு? மற்றதெல்லாம்தான் இருக்கிறதே. லீவையெல்லாம் இதற்குப் போட்டு வீணாக்காதே.

அவள் விடுதியிலேயே இருக்கட்டும். நாலு பேரோடு பழகினால் அவளுக்கும் நல்லதுதானே? அத்தானின் கோபம் எத்தனை நாளைக்கு? அடுத்த கேமை நாம் இருவர் மட்டும் ஆடலாம், பழையபடி. நான் இப்போதே மாட்டிக்கொள்ளத் தயார்.

அப்பா, அம்மா நலம். உடனே பதில் எழுது.

உன், உனக்கு மட்டுமேயான,
முட்டுச்சந்து


ஜூன் 10

அன்புள்ள தங்கைக்கு,

உன் சிடி என் சிடியின் காப்பி. நான்தான் போட்டேன், மேலே பெயரும் நான்தான் எழுதினேன். என்னுடையதில் இல்லாத ஆடு உன்னுடையதில் எப்படி இருக்கும்? இது கூடவா எனக்குத் தெரியாது என்று நினைத்தாய்? உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்த இன்னொருவருடைய ஃபைலைத் திறந்தேன். நம் வழக்கத்தை நானும் மீறிவிட்டேன்.

படகு, குறட்டை, ஓவியம், கதவு, தராசு. உன் தாளில் இருந்த அதே வரிசை. ஆறாவது கேள்வி, மேல்மாடத்து வெள்ளாட்டை எப்படிக் கீழே இறக்குவது? அதை அழுத்தினால் முதல் குறிப்பிலேயே, 'இந்த கேமில் ஆடே கிடையாது, நீங்கள் சந்திக்காத கேள்வியைத் திறக்காதீர்கள்' என்று இருக்கிறது. பொய்க் கேள்வி. அதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எழுதியவள், இன்னொருவர் போட்ட பொய்க் கேள்வியில் போய் விழுந்திருக்கிறாய். நீ கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய், ஒரு குறிப்பைக்கூடத் திறக்கவில்லை. குறிப்பைத் திறப்பது மட்டும் தப்பு என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உன் வேன் டிரைவர் கடிதத்தை எடுத்து மறுபடி ஒருமுறை படித்தேன்.

பார்த்து எழுதியதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த ஆடு சுவரை நக்கியது, கம்பீரமாக இருந்தது, மீசை ஒட்டினாய் என்றெல்லாம் எழுதினாயே, அதை நம்பித்தான் தூண் தூணாகத் தேடினேன். நான் தேடுகிறேன் என்று தெரிந்த பிறகும், உன் சிடியில் இருக்கிறது என்று மறுபடி எழுதினாய். ஒருத்தி வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தேன், அதற்கு லாட்டரி என்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனேன். நாலு கட்டில் போட்ட அறை, அவள் கட்டில் கதவோரம். ஜன்னல்கூட அவள் பக்கம் இல்லை. "நீ சொன்னதுதான் சரி, என்னை மன்னிச்சிடு" என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பொறாமைன்னு சொன்னீங்களே அண்ணி, அது நெஜந்தான். எழுதினதை எடுத்ததுக்கு இல்ல. அந்த ஆட்டை அப்படித் தேடுனீங்களே, அதப் பாத்து. எனக்காக இப்படித் தேட யாரு இருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். அவளுடைய அறையில் விளக்கு எரிகிறது, இதை எழுதும்போது கதவிடுக்கில் தெரிகிறது.

ஃபைலைப் போட்டுவிட்டேன். உன் தாளில் இருந்ததை எடுத்துவிட்டு, அவள் எழுதியதைத் திரும்ப வைத்தேன். சமையலறையும் மீசையும் அப்படியே இருக்கின்றன, அவை உன்னுடையவை, உண்மையானவை. கடைசி வரி இப்படி: 'எழுதியவர்கள்: டார்ச், யூ-டர்ன். சமையலறையில் மட்டும்: முட்டுச்சந்து.'

அடுத்த கேமின் சிடியை இப்போதைக்கு அனுப்பவில்லை. அம்மாவின் முழங்காலைப் பற்றி எழுது, அப்பாவைப் பற்றி எழுது. அதற்கெல்லாம் பதில் போடுவேன்.

ஆட்டை மட்டும் ஃபைலிலிருந்து நான் எடுக்கவில்லை. பொய்க் கேள்விகளோடு வைத்திருக்கிறேன். நீ நெட் சென்டருக்குப் போய்த் திறப்பாய், நேராகக் கடைசிக் குறிப்புக்குத்தான் போவாய் என்று தெரியும். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கேள்வி: மேல்மாடத்து வெள்ளாட்டை எப்படிக் கீழே இறக்குவது?

முதல் குறிப்பு: ஆட்டை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?

இரண்டாவது குறிப்பு: சொன்னது யார்?

மூன்றாவது குறிப்பு: ஆடு இல்லை. சொன்னது என் தங்கை என்பதால் நான் தேடினேன். நீங்கள் தேட வேண்டாம்.

அக்கா